உள்ளே போட்ட பெஞ்ச்

ஜூன் 5, திங்கள்

கதிரவன் நேற்று கோயம்புத்தூரிலிருந்து வந்தான். அண்ணன் மகன். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நிர்வாகம் பார்க்கிறான். ஒரு நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்த்ததில்லை, ஆனால் நோயாளிகளின் மனசு முழுக்கத் தெரியும் என்று நினைப்பு.

"அத்தை, கூட்டம் குறைஞ்ச மாதிரி இருக்குதே" என்றான்.

குறையவில்லை. பள்ளிக்கூடம் திறக்கிற மாதம், ஜனங்கள் வேறு அலைச்சலில் இருக்கிறார்கள். அடுத்த தெருவில் ஒரு பொடியன் ஏசி போட்டு கிளினிக் திறந்திருக்கிறான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கையோடு ஒரு மரப்பெட்டி கொண்டுவந்திருந்தான். மேலே சீட்டுப் போட ஓட்டை, முன்னால் பூட்டு. 'உங்கள் குறைகளை எழுதிப் போடுங்கள். பெயர் வேண்டாம். எழுதியது யார் என்று கேட்க மாட்டோம்' என்று ஒட்டி வாசலில் மாட்டிவிட்டான். குமாரபாளையத்தில் இருபத்தாறு வருடமாக வைத்தியம் பார்க்கிறேன். குறை இருந்தால் மூஞ்சிக்கு நேராகவே சொல்லுகிற ஊர் இது. விசைத்தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகியவர்கள், ரகசியம் சொன்னால்கூட நாலு வீடு தள்ளிக் கேட்கும். இவர்களுக்குப் பெட்டி எதற்கு?

சாவி என் கைப்பையில் இருக்கிறது. கிளினிக்கில் உதவிக்கு இருக்கும் தெய்வானையிடம்கூடக் கொடுக்கவில்லை.

ஜூன் 12, திங்கள்

பெட்டியைத் திறந்தேன். ஏழு சீட்டு. ஐந்தில் 'கைராசி டாக்டர்' என்று இருந்தது. இதை எழுத ஒரு பெட்டி வேண்டாம். ஒன்று, மின்விசிறி கடகடவென்று அடிக்கிறதாம். இன்னொன்று: 'டாக்டரம்மா சிடுசிடுக்காமல் இருந்தால் நன்றாக இருக்கும்.'

இது அடுத்த தெருப் பொடியனின் ஆள் எழுதியது. சந்தேகமே இல்லை.

தெய்வானையிடம் படித்துக் காட்டினேன். டோக்கன் கொடுப்பது, பிரஷர் பார்ப்பது, மாத்திரை மடித்துக் கொடுப்பது எல்லாம் அவள்தான், பதினோரு வருடமாக. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சிரித்தாளா இருமினாளா தெரியவில்லை.

ஜூன் 14, புதன்

நாற்பத்தொரு டோக்கன். காய்ச்சல் அதிகம்.

சம்பூரணம் என்று ஒருத்தி வந்தாள். நாற்பத்திரண்டு வயது, பட்டறையில் நூல் சுற்றுகிற வேலை. தலைவலி என்றாள். எந்தப் பக்கம் என்று கேட்டால் இடது என்றாள். எத்தனை நாளாக என்றால் முழிக்கிறாள். பிரஷர் சரி, கண் சரி. வந்ததிலிருந்து முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டே இருந்தாள். அடுத்த டோக்கனுக்கு அவளுடைய பட்டறை முதலாளியின் பெண்சாதி பெஞ்ச்சில் உட்கார்ந்திருந்தார், நான் அவரைப் பார்க்க வேண்டிய அவசரம். மாத்திரை எழுதி அனுப்பினேன்.

முதலாளியம்மாள் முன்னால் தலைவலி என்று சொன்னால் நாளைக்கு லீவு கேட்க வசதி. இந்த நாடகம் எனக்குப் புதிதில்லை.

ஜூன் 19, திங்கள்

ஒன்பது சீட்டு. மூன்று பெஞ்ச்சைப் பற்றி!

என் அறையில் நான் உட்காரும் மேசை, பக்கத்தில் நோயாளிக்கு ஒரு ஸ்டூல், சுவரோரம் ஒரு பெஞ்ச். ஒருவரைப் பார்க்கும்போது அடுத்த இரண்டு டோக்கன்காரர்களும் உள்ளே வந்து பெஞ்ச்சில் உட்கார்ந்துகொள்வார்கள். எழுந்து வருவது, செருப்பைக் கழற்றுவது, கதவைத் தேடுவது எல்லாம் மிச்சம். கஞ்சி குடி, உப்பைக் குறை என்று ஒருவருக்குச் சொல்வதை மற்ற இருவரும் கேட்டுக்கொள்வார்கள், நான் மூன்று தரம் தொண்டையைத் தேய்க்க வேண்டாம். வெயிலில் நிற்கவும் வேண்டாம். இந்த ஏற்பாட்டை நானே யோசித்துச் செய்தேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

ஒரு சீட்டு, 'பெஞ்ச்சை வெளியே போடுங்கள்.' இன்னொன்று, 'ஊசி போடும்போது பெஞ்ச்சில் இருப்பவர்கள் பார்க்கிறார்கள்.' மூன்றாவதுதான் விசித்திரம்: 'சொல்ல வந்தது ஒன்று. சொல்லிவிட்டு வந்தது ஒன்று. உள்ளே ஆள் இருந்தது.'

பூடகமாக எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

ஜூன் 21, புதன்

மின்விசிறி மாற்றியாயிற்று. குடிதண்ணீருக்கு மூடி போட்ட பானையும் வைத்தாயிற்று. கதிரவனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். பெஞ்ச் பற்றி அவனிடம் சொல்லவில்லை.

ஜூலை 5, புதன்

சம்பூரணம் மறுபடியும். மறுபடியும் தலைவலி. இந்த முறை வலது பக்கமாம். "போன தடவை இடதுன்னு சொன்னியேம்மா" என்றேன். "மாறி மாறி வருதுங்க" என்றாள். பெஞ்ச்சில் அவளுடைய நாத்தனார், சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வந்தவர், "தலைவலின்னு எங்ககிட்டச் சொல்லவே இல்லையே" என்று அங்கிருந்தே கேட்டார். சம்பூரணம் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

தூக்க மாத்திரைக்கு அடி போடுகிறாள் என்று தோன்றியது. கேட்டால் கொடுப்பதில்லை என்று முடிவு செய்து வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. எழுந்துபோய்க் கதவருகில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய்விட்டாள்.

அடுத்த தெருப் பொடியன் அனுப்பிய ஆளாக இருக்குமோ?

ஜூலை 10, திங்கள்

'இரண்டாம் தடவையும் தலைவலி என்றே சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பெஞ்ச்சை எடுங்கள்.'

வாரத்துக்கு இருபது தலைவலி பார்க்கிறேன். இதில் யார் என்று தேடுவது? வலிக்காத தலையை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு எவராவது டோக்கன் போட்டு, ஒரு மணி நேரம் காத்திருந்து வருவார்களா? இது கட்டுக்கதை. யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதுகிறார்கள்.

ஜூலை 11, செவ்வாய்

பிடித்துவிட்டேன்.

சீட்டுகளை எல்லாம் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். புகழ்கிற சீட்டுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கையெழுத்து. குறை சொல்கிற சீட்டுகள் பதினொன்றும் ஒரே கை. எழுத்துகள் இடது பக்கம் சாய்ந்து, கடைசி வார்த்தைக்கு அடியில் ஒரு கோடு. இந்தக் கோட்டை எங்கே பார்த்தோம் என்று யோசித்துக்கொண்டே டோக்கன் நோட்டைத் திறந்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது.

தெய்வானை.

கோபம் என்று எழுதுவதா, வேறு என்னவென்று எழுதுவதா தெரியவில்லை. அவளுடைய மகன் டிப்ளமோ சேர நான்தான் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவளுக்கு டைபாய்டு வந்தபோது வீட்டில் போய்ப் பார்த்தேன். மதியம் நான் சாப்பிடும் ரசத்தில் பாதி அவள் கொண்டுவருவது. இப்போது உடனே கேட்கப் போவதில்லை. உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஜூலை 13, வியாழன்

கவனித்ததில்: அவளுக்கு முழங்கால் வலி. டோக்கன் மேசையில் முதுகு சாயாத ஸ்டூல். பெஞ்ச் வெளியே வந்தால் அவள் சாய்ந்து உட்காரலாம். காரணமும் கிடைத்துவிட்டது.

ஜூலை 24, திங்கள்

போன வாரம் முழுக்க அவள் லீவு, அக்கா மகளுக்குப் பிரசவம் என்று பவானி போய்விட்டாள். இன்று பெட்டியைத் திறந்தேன். நாலு சீட்டு, நாலும் 'நல்ல டாக்டர்', 'கைராசி'. குறை ஒன்றுகூட இல்லை.

இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆகஸ்ட் 4, வெள்ளி

நேற்று பதினெட்டாம் பெருக்கு, தறிகள் நின்றிருந்தன. ஆற்றங்கரைக் கூட்டமெல்லாம் இன்று சளியோடு இங்கே வந்தது. ஐம்பத்திரண்டு டோக்கன்.

சம்பூரணமும் வந்தாள். இளைத்திருக்கிறாள். "தலைவலிதானே?" என்று நானே கேட்டுவிட்டேன். பெஞ்ச்சில் இருந்த பக்கத்துத் தெருப் பெரியவர் சிரித்தார். அவளும் சிரித்த மாதிரி செய்தாள். "ஆமாங்க" என்றாள். அதே மாத்திரை.

ஆகஸ்ட் 7, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பெட்டியில் ஒரு சீட்டு, அதே கை: 'மூன்று தடவை வந்தாயிற்று. இனிமேல் வரமாட்டேன். பெஞ்ச்சை எடுத்தால் வருகிறேன்.'

மதியம் எல்லோரும் போனபின் தெய்வானையைக் கூப்பிட்டுச் சீட்டுகளை வரிசையாக வைத்தேன்.

"இதெல்லாம் யார் எழுதினது?"

பார்த்தாள். மறைக்கவில்லை. "நான்தானுங்க எழுதுனேன்."

"எதுக்கு?"

"எழுதித் தரச் சொன்னாங்க. எழுதிக் குடுத்தனுங்க."

"யார் சொன்னாங்க?"

"அதைச் சொல்லமாட்டனுங்க, டாக்டரம்மா."

"ஒருத்தர் பேரையாவது சொல்லு, நம்புறேன்."

"சொல்லமாட்டேன்னு சொல்லித்தானுங்க எழுதிக் குடுத்தேன். நீங்களும் கேக்கமாட்டோம்னுதான் ஒட்டி வெச்சிருக்கறீங்க."

அந்த வாய்தான் என்னால் தாங்க முடியாமல் போனது. மூன்று தடவை வந்து பொய் சொல்லிவிட்டுப் போகிற நோயாளி ஒருத்தரும் உலகத்தில் இல்லை, உனக்குச் சாய்ந்து உட்கார பெஞ்ச் வேண்டுமென்றால் நேராகக் கேட்டிருக்கலாம் என்றேன். அந்தப் பொடியன் உனக்கு என்ன தருகிறான் என்றும் கேட்டேன். அதைக் கேட்டிருக்க வேண்டாம்.

அவள் அழவில்லை. அலமாரிச் சாவியை மேசையில் வைத்தாள். "அந்தக் கடைசிச் சீட்டை மட்டும் இன்னொருக்கா படிச்சுப் பாருங்க" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

படிக்கவில்லை. கிழித்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 14, திங்கள்

பெட்டியில் இரண்டு சீட்டு. இரண்டும் கைராசி. நிம்மதி.

டோக்கனுக்குப் பிளாஸ்டிக் அட்டை ஒரு கட்டு வாங்கி வாசலில் மாட்டிவிட்டேன். ஆள் வைக்கவில்லை. வைத்தால் அவர்களும் எழுத ஆரம்பிப்பார்கள்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

மாத்திரையை நானே மடித்துத் தருகிறேன். இடுப்பு விட்டுப்போகிறது. ரசம் வைக்கவில்லை.

செப்டம்பர் 18, திங்கள்

பெட்டி காலி. ஊரில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. கதிரவனிடம் போனில் சொன்னேன். "அப்படின்னா சந்தேகப்படணும் அத்தை" என்றான். அவனுக்கு என்ன தெரியும். இருபத்தாறு டோக்கன்தான் இன்று, பிள்ளையார் சதுர்த்தி என்பதால்.

அக்டோபர் 18, புதன்

ஆயுத பூஜைக்கு முன் வெள்ளையடிக்கிறார்கள். அறைச் சாமான்களை எல்லாம் நடுவில் தள்ளிவிட்டு, பெஞ்ச்சைத் தூக்கி வாசலில் போட்டார்கள். நாளைக்கு ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும், சுவர் காய்ந்ததும் உள்ளே போட வேண்டும்.

இன்று என்னவோ எல்லோரும் அதிகம் பேசினார்கள். ஒரு தறிக்காரர், இரண்டு வருடமாக வாயுக்கு மாத்திரை வாங்குகிறவர், இன்றைக்குத்தான் குடிக்கிறதைச் சொன்னார். போன மாதம் கல்யாணமான பெண் ஒன்று சளிக்கு மருந்து கேட்க வந்து, சளியைப் பற்றிப் பேசாமல் வேறு எல்லாவற்றையும் பேசிவிட்டு அழுதாள். வயதான ஒருவர், படுக்கையில் சிறுநீர் போய்விடுவதைச் சொன்னார். மூன்று வருடமாக இருக்கிறதாம். மூன்று வருடமாக அவருக்கு நான் முட்டிவலிக்கு மருந்து தருகிறேன்.

யாராவது சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்களா? ஒரே நாளில் ஏன் இத்தனை பேர்? பதினெட்டு டோக்கன்தான், ஆனால் முடிக்க மதியம் இரண்டு மணி ஆகிவிட்டது.

அக்டோபர் 19, வியாழன்

காலை பத்தரைக்குச் சம்பூரணம் வந்தாள்.

உள்ளே வந்ததும் சுவரைப் பார்த்தாள், பெஞ்ச் இருந்த இடத்தை. பிறகு கதவைத் திரும்பிப் பார்த்தாள். "சாத்தட்டுங்களா?" என்று கேட்டாள். சுண்ணாம்பு வாசனை, வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் சாத்திவிட்டாள்.

ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையை விலக்கினாள். இடது மார்பு.

கையை வைத்ததுமே தெரிந்துவிட்டது. எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிது, கல்லு மாதிரி, அசையவில்லை. மேல் தோல் உள்ளே இழுத்திருந்தது. அக்குளில் கை வைத்தேன். அங்கேயும் இருந்தது.

"எத்தனை நாளா இருக்குது?"

"தை மாசத்துல சுண்டைக்காயாட்டம் இருந்துச்சுங்க."

"ஏம்மா இத்தனை நாள் சொல்லலை?" இதைக் கேட்டது நான்தான். நான்தான் கேட்டேன்.

அவள் கோபப்படவே இல்லை. "மொதத் தடவை சொல்லத்தானுங்க வந்தேன். மொதலாளியம்மா உக்காந்திருந்தாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சா பட்டறையில வெச்சுக்கமாட்டாங்க. ரெண்டாவது தடவை நாத்தனார். பொண்ணுக்கு எடம் பாத்துக்கிட்டு இருக்கறோமுங்க. அம்மாளுக்கு இப்படின்னு வெளிய போச்சுன்னா யாரு வருவாங்க? மூணாவது தடவை நீங்களே தலைவலியான்னு கேட்டுட்டீங்க."

"வேற டாக்டர்கிட்டப் போயிருக்கலாமே."

"அங்க ஆம்பளைங்க. பொம்பளை டாக்டர் இங்க நீங்கதானுங்களே. அதான் எழுதிப் போட்டேன். எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கறேன், ஆனா என் கையெழுத்து பட்டறை நோட்டுல இருக்குது, யாராவது கண்டுபிடிச்சுட்டா? அதனால தெய்வானைக்காகிட்டச் சொல்லி எழுதி வாங்குனேன். அவங்க என்னன்னு கேக்கலீங்க. நேத்துப் போறப்ப பாத்தேன், பெஞ்ச்சு வெளிய கெடந்துச்சு. சரி, எடுத்துட்டாங்க, நம்ம சீட்டைப் படிச்சிருக்காங்கன்னு வந்தேனுங்க."

வெள்ளையடிக்கத்தான் எடுத்தோம் என்று நான் சொல்லவில்லை. தலையை ஆட்டினேன். இருபத்தாறு வருடத்தில் இவ்வளவு பெரிய பொய்யை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஈரோட்டுக்குக் கடிதம் எழுதினேன். ஒரு தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். அவள் போனபிறகு நோயாளிக் குறிப்பு நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஜூன் 14, ஜூலை 5, ஆகஸ்ட் 4. மூன்றிலும் என் கையால் தலைவலி என்று இருக்கிறது. ஒரு தடவைகூட அவளைப் படுக்க வைத்துப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் அவளைத் தூக்க மாத்திரைக்காரி என்று நினைத்தேன்.

அக்டோபர் 20, வெள்ளி

பெஞ்ச்சைப் பக்கத்து மாரியம்மன் கோயிலுக்குக் கொடுத்துவிட்டேன். கதவுக்குத் தாழ்ப்பாள் போட ஆசாரியை வரச் சொன்னேன்.

சாயங்காலம் தெய்வானை வீட்டுக்குப் போனேன். புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். தப்பு என்னுடையது என்று சொன்னேன். சொல்லிவிட்டேன், அவ்வளவுதான், எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை.

"எல்லாரும் எங்கிட்டத்தானுங்க எழுதச் சொன்னாங்க" என்றாள். "எழுதத் தெரிஞ்சவங்களும். உங்களுக்கு எல்லார் கையெழுத்தும் தெரியும், கண்டுபிடிச்சா அடுத்த தடவை மொகம் குடுத்துப் பேசமாட்டீங்கன்னு பயம். பாராட்டி எழுதறவங்களுக்கு அந்தப் பயம் இல்லையில்லீங்களா? என் கையெழுத்துல இருந்தா யாரு பேருலயும் விழாது. எம் பேருல விழும்னு எனக்குத்தான் தோணாமப் போச்சு."

"சிடுசிடுன்னு எழுதச் சொன்னது யாரு?" என்று கேட்டேன். வாய் சும்மா இருக்கவில்லை.

முதல் தடவையாகச் சிரித்தாள். "அது மட்டும் நானே எழுதுனதுங்க."

திரும்பி வரச் சொல்லிக் கேட்டேன். புளிக்கொட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கோபமெல்லாம் இல்லீங்க. ஆனா வரமாட்டனுங்க. அந்தப் பையன்கிட்ட என்ன வாங்கறேன்னு கேட்டீங்க. அது இன்னும் காதுல நிக்குதுங்க."

அந்தப் பொடியன் அவளை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. சம்பூரணத்தோடு ஈரோட்டுக்குத் துணைக்குப் போவாளா என்று கேட்டேன். "அவங்க கூப்பிட்டாப் போறேன். நீங்க சொல்லிப் போகமாட்டேன்" என்றாள்.

அக்டோபர் 31, செவ்வாய்

சம்பூரணம் தெய்வானையையே கூப்பிட்டிருக்கிறாள். இருவரும் பஸ்ஸில் போய்வருகிறார்கள்.

ஈரோட்டு டாக்டரம்மாளிடம் போனில் பேசினேன். முதலில் மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்கி, பிறகு மார்பை எடுக்க வேண்டும். "ஜூன்லயே அனுப்பியிருந்தீங்கன்னா சுலபமா இருந்திருக்கும் மேடம். இப்பப் போராடித்தான் பார்க்கணும்" என்றார். ஜூனில் அவள் என் ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தாள் என்று அவருக்குச் சொன்னேன்.

நவம்பர் 27, திங்கள்

இரண்டாவது தடவை மருந்து ஏற்றியபின் வாயெல்லாம் புண்ணாகி, சம்பூரணம் இங்கே வந்தாள். தலையில் துண்டு கட்டியிருந்தாள். கூடவே நாத்தனார். விஷயம் வீட்டில் தெரிந்துவிட்டது, வேறு வழியில்லை. பெண்ணுக்குப் பார்த்த இடம் நின்றுபோனது. பட்டறையில் வேறு ஆளை வைத்துவிட்டார்கள். இந்த இரண்டையும் நாத்தனார்தான் சொன்னார், அவள் சொல்லவில்லை.

வாய்க்கு மருந்து எழுதினேன். எழுதி முடித்துவிட்டு, கேட்கவேண்டியதைக் கேட்டேன். "என் மேல வருத்தம் இருக்குதா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க டாக்டரம்மா. நீங்க குடுத்த தலைவலி மாத்திரை நல்லாக் கேட்டுச்சுங்க" என்றாள்.

"கைராசிக்காரங்க நீங்க, உங்களைப் போய் யாரு குத்தம் சொல்லுவாங்க" என்றார் நாத்தனார்.

எனக்கு வேண்டிய பதில் அதுதான். அதை வாங்கிக்கொண்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டிருக்கலாம். சம்பூரணத்தைப் பார்த்தேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தாள்.

நாத்தனாரைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொன்னேன். அவர் முகம் சுளித்துக்கொண்டு போனார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு, என் நாற்காலியை விட்டு அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அதே கேள்வியை மறுபடி கேட்டேன்.

முதலில் ஒன்றுமில்லை என்றாள். நான் எழுந்திருக்கவில்லை. பிறகு சொன்னாள். அரை மணி நேரம் சொன்னாள். வெளியே இரண்டு தடவை கதவைத் தட்டினார்கள், திறக்கவில்லை. ஒரு இடத்தில் என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள், நான் குனியாமல் கேட்டேன்.

என்ன சொன்னாள் என்று இங்கே எழுத மாட்டேன்.